ஒரு பொடி, இரண்டு டம்ளர்

வில்பட்டி அக்கா செய்ததை நான் டாக்டர் மேடத்திடம் போய்ச் சொன்னது வேலைக்காகவா, பொறாமையாலா?

நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. மகளுக்குத் தலை சீவும்போது இந்தக் கேள்வி வருகிறது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வருகிறது. பதில் மட்டும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் அது வந்தாக வேண்டும். அந்த அக்காவின் மகனுக்கு நிறுத்தி வைத்திருக்கும் மருந்தை மறுபடியும் தொடங்கலாமா என்று அன்றைக்கு என்னிடம் கேட்கப் போகிறார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்துத்தான் முடிவு. என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது என் வாயிலிருந்து வரும் வார்த்தையை நம்பி ஒரு பிள்ளைக்கு முடிவெடுக்கலாமா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

கொடைக்கானலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நான் நர்ஸ் இல்லை. தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது. மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இரண்டு அறைகள், மருந்து வைக்கும் ஒரு குளிர்பெட்டி, எடை பார்க்கும் மெஷின், பிள்ளைகள் மூச்சை ஊதிக் காட்டும் ஒரு கருவி, சுவர் முழுக்க நாங்கள் ஒட்டிய யானைகளும் முயல்களும். புது மருந்து ஒன்று பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று டாக்டர்கள் இங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத் துணைதான் என் வேலை. அம்மாக்களிடம் விஷயத்தைப் புரியும்படி சொல்வது, போன் செய்து பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பது, வராதவர்களை வரவைப்பது, மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது.

இப்போது நடப்பது அடிக்கடி வீசிங் வரும் பிள்ளைகளுக்கான ஆராய்ச்சி. தினமும் காலையில் ஒரு பாக்கெட் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்துப் பொடி. மீதிப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதற்கும் ருசிக்கும் அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத பொடி. யாருக்கு எது என்பது கம்ப்யூட்டர் பிரித்துப் போட்டது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமான இன்ஹேலர் எப்போதும்போல உண்டு. இந்தப் பொடி நல்லதா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு ஏற்பாடும். இதை எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து மலைக் கிராமமான வில்பட்டியிலிருந்து வரும் அந்த அக்காவுக்கும் நான்தான் சொன்னேன். அவர் முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், சேலை ஓரத்தில் மண் காயவில்லை.

"அப்ப குலுக்கல்னு சொல்லுங்க தங்கச்சி."

"அப்படியும் வச்சுக்கலாம்க்கா."

"சீட்டு போட்ட காலத்துல இருந்து எம்பேரு மொதல்ல விழுந்ததே இல்ல. எம்புள்ளைக்கு விழுகுமாக்கும்?"

"விழுந்தது நல்ல சீட்டா இல்லையான்னே இப்போ தெரியாதுக்கா. அதைப் பார்க்கத்தான் இது."

"நல்லாத்தான் பேசுறீங்க. ஒண்ணும் தெரியாதுங்கிறதச் சொல்றதுக்கு ஒரு காலேஜு படிப்பு வேணும்போல."

அறையில் இருந்த மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா நன்றாக யோசித்து, வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து சம்மதம் சொன்னார்.

என் மகளுக்கும் வீசிங் உண்டு. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மழை விட்டு மூடுபனி இறங்கும் மாதங்களில் அவள் விலா எலும்புகள் உள்வாங்குவதைச் சட்டைக்கு மேலேயே பார்க்கலாம். ஓடிப்பிடித்து விளையாடும்போது இவளை 'அவுட்' ஆக்கவே வேண்டாம், தானாக வந்து ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். எங்கள் ஆராய்ச்சிக்கு வயது பொருந்துகிறது, நோய் பொருந்துகிறது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் மையத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்பவளே அந்தப் பிள்ளையின் அம்மாவாகவும் இருந்தால் எதை நம்புவது? நியாயமான விதி. இதையும் நானே மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

"வேலைய விட்டுரு. பாப்பாவச் சேத்துரலாம்," என்றார் என் கணவர். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சீசன் இருந்தால் வீட்டுக்கே வர முடியாது, இல்லாவிட்டால் வேன் வாசலிலேயே நிற்கும். என் சம்பளம்தான் எல்லா மாதமும் வருவது. விடலாமா வேண்டாமா என்று நான் யோசித்து, மறுபடி யோசித்து, அம்மாவிடம் கேட்டு, கூடப் பிறந்த அக்காவிடம் கேட்டு, மறுபடி யோசித்து முடிப்பதற்குள் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் முடிந்துவிட்டது. என் வழக்கமே இதுதான். நான் முடிவெடுப்பதற்குள் முடிவு தானே நடந்துவிடும்.

அதன் பிறகுதான் வில்பட்டி அக்காவின் பையன் தேற ஆரம்பித்தான்.

மாதா மாதம் வருவான். முதல் தடவை ஊதியபோது பாதியில் இருமல் வந்து நின்றுவிட்டான். அடுத்து வந்தபோது முழு மூச்சும் ஊதினான். அதற்கும் அடுத்த முறை, நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாண்டிலிருந்து மருத்துவமனைக்கு ஏறும் மேட்டில் அம்மாவை விட்டுவிட்டு ஓடி வந்தான். "ஏலே, மெதுவா போலே, விழுந்து வைக்காத," என்று அக்கா பின்னாலிருந்து சத்தம் போடுகிறார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா தங்கச்சி, இவன் பின்னால ஓடி எனக்கு வீசிங் வந்துரும்போல."

சந்தோஷம்க்கா என்றேன். உதடு சொன்னது. உள்ளே ஏதோ சுருக்கென்றது. மாங்காயைக் கடித்தால் பல் கூசுமே, அந்த மாதிரி நெஞ்சு கூசியது. பனிக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது, வெயில் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குமே கொஞ்சம் குறையும், அவனுக்கு விழுந்தது வெறும் பொடியாகக்கூட இருக்கலாம். எல்லாம் தெரியும். தெரிந்தும், இவனுக்கு விழுந்தது மருந்துதான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன்.

அடுத்த மாதம் மகளுக்கு மூச்சு வாங்கியது. கணவர் அழைத்து வந்தார். வெளிநோயாளிகள் பகுதியில் டோக்கன் வாங்கி, சளி, காய்ச்சல், வாந்தி என்று வந்திருந்த கூட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னால் கூடப் போய் உட்கார முடியவில்லை. அந்த நேரம் வில்பட்டிப் பையனுக்குப் பரிசோதனை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனேன். ஆராய்ச்சியில் இருக்கும் பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. மகள் நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேட்டாள். "அந்த அண்ணா மட்டும் ஏம்மா சைடு கதவுல போறான்?"

"அது ஆராய்ச்சிப் பிள்ளைங்களுக்குடா."

"நான் எந்தப் பிள்ளை?"

அவளுக்கு ஒரு யானை ஸ்டிக்கர் கொண்டு வருவதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதுவும் ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு வாங்கியது என்று நினைவு வந்தது. கணவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "யானைகூட உங்க ஆபீசுல ரூல்ஸ் பேசுதா," என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு வேடிக்கையாக இல்லை.

இப்படி ஒரு மனதோடுதான் அந்த மாதம் வில்பட்டிக்குப் போனேன். வெயில் போய் மறுபடி சாரல் பிடித்திருந்தது. வழக்கமாக மத்தியானம் போகிறவள் அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். அந்த வீட்டில் அக்காவும் அவர் ஓரகத்தியும் ஒரே அடுப்பில் சமைப்பவர்கள். ஓரகத்திக்கும் ஒரு பையன், இவன் வயதுதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி குல்லா போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் குத்த வைத்திருந்தார்கள். சுற்றிலும் உரித்த பூண்டுத் தோல்.

"வெள்ளனே வந்துட்டீங்க தங்கச்சி. சோலி கெடக்கட்டும், மொதல்ல டீயக் குடிங்க. இவனுக்குப் பொடியக் குடுத்துட்டு வந்துர்றேன்."

அக்கா பாக்கெட்டைக் கிழித்தார். செம்பில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டினார். கரண்டியால் கலக்கினார். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே. பிறகு இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்துச் சரிபாதியாக ஊற்றி, ஒன்றை மகனிடமும் இன்னொன்றைக் கொழுந்தன் மகனிடமும் நீட்டினார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்கள்.

"அக்கா, அந்தத் தம்பிக்கும் குடுக்குறீங்களா?"

"பின்ன? ஒரு புள்ள குடிக்கும்போது இன்னொரு புள்ள வாயப் பாத்துக்கிட்டு நிக்கலாமா?"

"வேற பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமேக்கா."

"சொன்னீங்க. நான் இல்லேங்கல. ரெண்டு நா மறைச்சு வச்சுக் குடுத்துப் பாத்தேன். கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். எனக்குச் சோறு எறங்கல தங்கச்சி. அவனும் நல்லாத்தான இருக்கான்."

ஓரகத்தி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "நாந்தான் வேண்டாம்னேன் மேடம். இவுக எங்க கேட்டாக. எனக்குப் பெத்த கடன் மட்டுந்தான், வளக்குறது பூராம் இவுகதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உங்க பாப்பாவுக்கும் இதே கோளாறுதான? ஒருநா இங்கிட்டுக் கூட்டிட்டு வாங்க. அதுக்கும் ஒரு வாய் ஊத்துவோம்."

அவர் மனதாரச் சொன்னார். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம். நான் விதி என்று வாயைக் கட்டிக்கொண்டு என் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். இவர் அதே பொடியைக் காப்பித் தண்ணி மாதிரி ஊற்றிக் கொடுக்கிறார், எனக்கே பங்கு வைக்கிறார்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது எங்கள் வீட்டிலும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் ஒரு பிஸ்கட்டைப் பாதியாக உடைப்பவள்தான் நானும். ஆனாலும் இது பிஸ்கட் இல்லை. அந்த இன்னொரு பையனை எந்த டாக்டரும் பார்த்துச் சரி என்று சொல்லவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதோடு, பாதிப் பொடி குடித்த பிள்ளையை முழுப் பொடி குடித்ததாகப் பதிந்தால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தப்பான பதில்தான் கிடைக்கும். ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சந்தேகம் வேறு. அதை அக்காவிடம் அங்கேயே சொல்லியிருக்கலாமே. 'அக்கா, இதை மேடத்துகிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கு, நீங்களும் கூட வாங்க' என்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். பையன் இருமுகிறானா என்று கேட்டேன். கிளம்பும்போது அக்கா ஒரு பை நிறைய மலைப்பூண்டு கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் பூண்டை வைத்துக்கொண்டு, மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினேன். அப்படி அடுக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்ததா? வருத்தம்தான் என்று சொல்ல ஆசை. கூடவே ஒரு லேசான சுகமும் இருந்தது. அது எதனால் வந்தது என்பதுதான் இன்றுவரைக்கும் தெரியவில்லை.

மேடம் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. "சொன்னது நல்லதுங்க. இதை நம்மதான் யோசிச்சிருக்கணும், ஒரே வயசுல ரெண்டு பிள்ளை இருக்கிற வீடு," என்றார். மறுநாளே இரண்டு பையன்களையும் வரவழைத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. ஆராய்ச்சியை மேலிருந்து கண்காணிக்கும் குழுவுக்குத் தெரிவித்துவிட்டு, அவர்கள் முடிவு சொல்லும்வரை பொடியை நிறுத்தி வைத்தார். பரிசோதனைக்கு மட்டும் வழக்கம்போல வரச் சொன்னார்.

வெளியே வந்த அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன் தங்கச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் சொல்லிருக்கலாம்ல?"

கையில் இருந்த பதிவேட்டை மூடினேன்.

"சரி விடுங்க. உங்க வேலை அப்படி. இனி ரெண்டு பேரும் ஒண்ணுதான், யாரும் யாரு வாயையும் பாக்க வேண்டாம்." பையனின் குல்லாவைச் சரிசெய்தார். "நிப்பாட்டுன பாக்கெட்டு சும்மாதான கெடக்கும்? அந்த எடத்துல உங்க பாப்பாவச் சேக்க முடியாதா?"

அப்படியெல்லாம் மாற்ற முடியாதுக்கா என்றேன். அந்த மேட்டில் அவர்கள் மூன்று பேரும் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் மேல் போய்ப் பொறாமைப்பட்டேனே என்று நினைத்தேன். அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இப்போது அவர் குணத்தின் மேலும் பொறாமை வந்துவிட்டது. யார் பிள்ளை நின்றாலும் அதற்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிற மனசு எனக்கு ஏன் இல்லை?

போன வாரம் குழுவிலிருந்து பதில் வந்தது. இனிமேல் ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்று மையம் நம்பினால் பொடியைத் தொடரலாம். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வீட்டைப் பார்த்தது நீங்க மட்டுந்தான். இனி அந்தம்மா பையனுக்கு மட்டும் குடுப்பாங்களா, மாட்டாங்களா? அவசரமில்ல. திங்கட்கிழமை சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்வோம்."

அன்றைக்கே அக்காவிடமிருந்து போன். சாரலில் பையனுக்கு மறுபடி இருமல் பிடித்திருக்கிறது. நெபுலைசர் வைக்க ஒரு தடவை கொண்டு வந்தார்களாம், நான் விடுமுறையில் இருந்த நாள். "பொடி நின்னதுனாலயா பனியினாலயான்னு தெரியல. உங்களுக்கும் தெரியாதுன்னு தெரியும்," என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "நீங்க சொன்னாத்தான் மறுபடி குடுப்பாங்களாம்ல. பாத்துச் சொல்லுங்க தங்கச்சி."

இருமலைக் கேட்டதும் எனக்குப் பதறியது. அது நிஜம். பதற்றத்துக்கு அடியில், இப்போது அவனும் என் மகளும் ஒன்றுதான் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்ததும் நிஜம்.

திங்கட்கிழமை நான் என்ன சொல்ல வேண்டும்? உள்ளதைச் சொன்னால், அக்காவால் முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு மகனுக்கு மட்டும் கொடுப்பார். ஒருநாள் அந்த இன்னொரு பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கும், அவர் கை தானாக இரண்டாவது டம்ளரைத் தேடும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகவே 'மாட்டாங்க மேடம்' என்பதுதான் நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். ஆனால் என் பொறாமை சொல்லச் சொல்லும் பதிலும் அதே வார்த்தைதான். இரண்டில் எது பேசுகிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? 'குடுப்பாங்க' என்று சொல்லிவிடலாம். அது குற்ற உணர்ச்சியால் வந்த பொய்யாகிவிட்டால், அந்த இரண்டாவது பையனுக்கு யார் பொறுப்பு?

இன்னொரு வழியும் இருக்கிறது. மேடத்திடம் போய், 'இந்த வீட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், என் மனது சரியில்லை, வேறு யாரையாவது அனுப்பிப் பாருங்கள்' என்று சொல்லிவிடுவது. காரணம் கேட்பார். சொன்னால், நான் இதுவரை போய்ப் பார்த்த எல்லா வீடுகளைப் பற்றியும் நான் சொன்னதை அவர் மறுபடி யோசிக்க வேண்டிவரும். இந்த வேலையில் என்னை வைத்திருப்பாரா என்பதும் தெரியாது. கணவரிடம் கேட்டேன். "நீயா எதையாச்சும் கெளப்பாத, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வா," என்றார். அம்மாவோ, பாவம் அந்தப் பிள்ளை, சரின்னு சொல்லிவிடு என்கிறாள். என் அக்காவோ, அவர்கள் இரண்டு பேர் சொன்னதுக்கும் சரி என்றாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். சொந்தப் பிள்ளை படிக்கும் வகுப்புக்கே ஆசிரியையாக இருந்தவர்கள், சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர்கள், வார்டில் அடுத்த வீட்டுக் குழந்தையைக் கவனித்துக்கொண்டே சொந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். மனதில் அழுக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகும், சரி என்று பட்டதைச் சொல்லலாமா? அல்லது முதலில் அழுக்கைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அந்தப் பையனுக்கு நான் செய்யும் நியாயமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம், அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்கு முன்னால் எழுதுங்கள்.